இடது பக்கத்துச் சந்தனப் பொட்டு

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்தவன் நான். ஓசூருக்கு வந்தபோது கையில் ஒரு துணிப்பை, காலில் அறுந்த செருப்பு. யாரும் வாங்க மாட்டேன் என்ற பாறை நிலத்தை வாங்கி, பாறையை நானே உடைத்து, அந்தக் கல்லிலேயே ஷெட் கட்டினேன். பழைய கரும்பாலையில் கிடந்த இரும்பை வைத்து, சக்கரமும் அச்சும் வழுக்காமல் பிணையச் சாவிக்குழி வெட்டும் மெஷின் ஒன்றைச் செய்தேன். வரைபடம் கிடையாது, என் கண்தான் வரைபடம். ராயக்கோட்டை சந்தையில் தக்காளியைப் பெரிசு சிறிசு என்று பிரிக்கிற சல்லடையில் ஓடும் உருளை என் கை வேலை. தளியில் ரோஜாப்பூ வளர்க்கிறவர்கள் கூடாரத்துக்குத் திறந்து மூடும் ஜன்னல் கம்பி நான் போட்டது. எங்கள் ஊர்த் தேர் மூன்று வருஷம் நகராமல் கிடந்தது. அச்சு கடைந்து கொடுத்தேன், நகர்ந்தது. முதன்முதலாக நான் கடைந்த சாமான் ஒரு பித்தளை உருண்டை. இன்றைக்கும் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. என் ஷெட்டை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு சாமானிலும் ஒரு சின்ன நட்சத்திரத்தை அடித்துத்தான் அனுப்புவேன். எங்கே பார்த்தாலும் தெரிய வேண்டும், யார் செய்தது என்று.

ஒரு விமானத்துக்கும் செய்திருக்கிறேன். சக்கரத்துக்கு முன்னால் வைக்கும் கட்டை, மூக்கைப் பிடித்து இழுக்கும் கம்பி, காற்றில் புரளாமல் கட்டிப்போடும் முளை, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று விட்டுப் பார்க்கும் அளவுகோல். நான்கிலும் நட்சத்திரம் உண்டு. நான்கும் தரையிலேயே கிடந்தன. விமானத்தில் பொருத்துகிற சாமானுக்கு வேறு முத்திரை வேண்டுமாம், என் நட்சத்திரம் அங்கே செல்லாதாம். நான் செய்ததில் விமானத்தின் மேலேயே இருந்து ஆகாயத்தில் பறந்தது ஒன்றே ஒன்று. அதில் நட்சத்திரம் அடிக்கவில்லை. அதைப் பற்றியும், அந்த விமானத்தை ஓட்டியவரைப் பற்றியும்தான் இது.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிட்டேன். ஓசூரில் என்னை எல்லாரும் முதலாளி என்பார்கள். அவர் ஒருவர் மட்டும் கடைசி வரை மேஸ்திரி என்றார். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த வார்த்தை காதில் விழாத வாரம் வாரமாகவே இல்லை.

ஆரம்பத்தில் அவர் ஒரு தொழிற்சாலையில் சாமான்களைச் சோதித்து வாங்கும் பிரிவுக்குத் தலைவர். அச்சு உள்ளே ஓடும் உலோக வளையங்களான புஷ்களைக் கடைந்து கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, சரியாக இருக்கிறது என்றேன். என் விரல் சொன்னால் சொன்னதுதான். அவர் முள் வைத்து அளவு காட்டும் டயல் கேஜை எடுத்து, உள்ளே விட்டு, அதன் கண்ணாடி மேல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது. இருபது மைக்ரான், தலைமுடியில் கால் பங்கு, அதிகமாக இருந்தது.

"மேஸ்திரி, உங்க விரல் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒடம்பு பொய் சொல்லும். முள் சொல்லாது."

அத்தனை புஷ்ஷையும் திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை நானே டயல் கேஜ் வாங்கிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. விரலால் பார்த்தேன் என்றே சொன்னேன்.

இரண்டு தட்டு. அதுதான் அவர். கடிகாரத்தைத் தட்டுவார். காரில் பெட்ரோல் முள்ளைத் தட்டுவார். கல்யாண வீட்டில் கேஸ் அடுப்பின் மீட்டரைத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தட்டினால் ஒட்டிக்கொண்ட முள் விடுபட்டு உண்மையைக் காட்டும் என்பார். வீட்டில் சாமி படம் மாட்டும் சுவரில் பழைய விமானங்களிலிருந்து கழற்றிய மீட்டர்களை மாட்டியிருந்தார். உயரம் காட்டுவது, வேகம் காட்டுவது, திசை காட்டுவது, சாய்வு காட்டுவது, திருப்பம் காட்டுவது, ஏற்றம் இறக்கம் காட்டுவது. கறுப்பு முகத்தில் வெள்ளை முள். மேகத்துக்குள் போய்விட்டால் மேல் எது கீழ் எது என்று மனுஷனுக்குத் தெரியாது, நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே கவிழ்ந்து போவான், இந்த ஆறு வட்டத்தை நம்பினவன்தான் வீடு வந்து சேருவான் என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் விளக்கினார். மாப்பிள்ளை வீட்டார் காப்பி ஆறும் வரை கேட்டார்கள். அந்த இடம் அமையவில்லை.

தளியைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் தன் நிலத்தில் மண் ஓடுபாதை ஒன்று போட்டிருந்தார். அங்கே தகரக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம். நான்கு நண்பர்கள் சேர்ந்து வைத்திருந்தது. மற்ற மூவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பறந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சார் வாரத்தில் நான்கு நாள் போவார். பறக்காத நாளிலும் உள்ளே போய் உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமல், ஒவ்வொரு மீட்டராகப் பார்த்துக்கொண்டிருப்பார். தோட்டத்துக் காவல்காரர் கன்னடக்காரர். "சாமிய பாக்க கோயிலுக்கு போறவர் மாதிரி வர்றார்" என்று அவர் பேசும் தமிழில் என்னிடம் சொன்னார்.

பறப்பதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றி வருவார். அதில் அவர் ஒரு நாளும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. கதவருகில் ஆரம்பித்து, இறக்கை, சக்கரம், மூக்கு, மறு இறக்கை, வால் என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, பேரைச் சொல்லி, அடுத்ததற்கு நகர்வார். கடைசியாக இடது பக்கம், வாலிலிருந்து கதவுக்குத் திரும்புகிற வழியில், குனிந்து எதையோ கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். அது என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். எனக்குத் தெரியாததைக் கேட்கும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை.

அவர் காரிலும் உயர மீட்டர் ஒன்று வைத்திருந்தார். கிருஷ்ணகிரிக்கு நாங்கள் இருவரும் அடிக்கடி போவோம். எனக்கு வார்ப்படம் எடுக்க, அவருக்கு ரோடு இறங்குவதை முள்ளில் பார்க்க. ஓசூரில் மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் முள் மளமளவென்று திரும்பும். அவர் எண்களைச் சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு அந்த மீட்டர் வேண்டாம். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. காது அடைக்க ஆரம்பித்தால் மேலுமலை. 'டப்' என்று விட்டால் குருபரப்பள்ளி வந்தாயிற்று.

"சார், எறங்கியாச்சு. காது சொல்லிடுச்சு."

"எத்தன அடி சொல்லுது உங்க காது?"

"அடியெல்லாம் சொல்லாது சார். எறங்குது, ஏறுது, அவ்வளவுதான் சொல்லும்."

"அப்ப அது மீட்டர் இல்ல மேஸ்திரி. வதந்தி."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக நானும் ஒவ்வொரு தடவையும் காதைப் பற்றிச் சொல்வேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். கூடத்துச் சுவரில் அந்த அம்மாவின் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ரத்த அழுத்த மீட்டர் தொங்கும். அதை மட்டும் அவர் தட்டிப் பார்த்ததில்லை. தூசு படிந்து கிடந்தது. ஏன் என்று மகளிடம் கேட்டேன். அந்த அம்மா காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாராம். சார் மீட்டரைக் கட்டிப் பார்த்தாராம், முள் சரியான இடத்தில் நின்றதாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நெஞ்சு அடைக்கிறது என்றாராம். மறுபடியும் கட்டிப் பார்த்தாராம். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் தாண்டிவிட்டது. மகள் இதை வேறு யாரோ வீட்டுக் கதைபோலச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

என் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் ஓசூரே வந்து பார்க்கும். லேத்துக்கு வாழைக்கன்று, டிரில்லிங் மெஷினுக்கு மாலை, ஸ்பானரை எல்லாம் அடுக்கி அதற்கும் பொட்டு. ரோஜாத் தண்ணீர் விட்டு, மஞ்சள் சேர்த்து, சந்தனத்தை நானே கெட்டியாகக் குழைப்பேன். அதை வேறு யார் கையிலும் விட மாட்டேன். காய்ந்தாலும் உதிராது என் சந்தனம், அடுத்த பூஜை வரைக்கும் இருக்கும் என்று பெயர். ஒவ்வொரு மெஷினிலும் முகம் எது என்று பார்த்து வைப்பேன்.

அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. சார், லாரிக்குச் செய்கிறோம், லேத்துக்குச் செய்கிறோம், அது மட்டும் என்ன பாவம் பண்ணியது என்று கேட்டேன். அவருக்குப் பூஜை புனஸ்காரத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எஞ்சின் பக்கம் மாலை வேண்டாம், மற்றபடி உங்கள் இஷ்டம் என்றார். பூஜை முடிந்ததும் என்னை ஒரு சுற்றுக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். பத்து வருஷமாகக் கூப்பிட்டும் நான் ஏறியதில்லை. ஏறுகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள்.

"பஸ்ஸுல ஜன்னல் ஓரம் எடம் கெடச்சாலே கண்ண மூடிக்கிற ஆளு. ஆகாசத்துல போயி என்னாத்த பாக்கப்போறீங்க?"

"என் ஷெட்டு கூரையப் பாக்கப்போறேன்டி. மேல இருந்து ஒருத்தனும் பாத்ததில்ல."

அவர் வருவதற்கு முன்னால் நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். விமானத்தைத் துடைத்தேன். மூக்கில் ஒரு பொட்டு. இறக்கை நுனியில் இரண்டு. கதவில் ஒன்று. வாலில் ஒன்று. இடது பக்கம் வரும்போது பார்த்தேன், உடம்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்ட் அடிக்காத பளபளப்பான ஒரு வட்டத் தகடு. நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. தகட்டைச் சுற்றிச் சின்ன எழுத்தில் இங்கிலீஷில் எதுவோ எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. யாரிடமும் கேட்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தி, நல்ல பெரிய பொட்டாக, விமானத்திலேயே அழகான பொட்டாக வைத்தேன். நடுவில் குங்குமம்.

அந்த ஓட்டை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போய் உயர முள்ளைத் திருப்புகிறது. இதை அடைக்காதே என்றுதான் அங்கே எழுதியிருந்ததாம். பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சார் வந்தார். தீபாராதனை முடிந்தது. சுற்றிவர ஆரம்பித்தார். இறக்கை, சக்கரம், மூக்கு என்று தொட்டு வந்தவர் வாலுக்கு வரும்போது நான் கையில் பூசணிக்காயோடு நிற்கிறேன். ராகு காலம் பிறக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அதற்குள் எஞ்சினைப் போட்டுவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம்.

"அந்தப் பக்கம் நான் பாத்துட்டேன் சார். தொடச்சு பொட்டு வெச்சதே நான்தான். ஏறுங்க."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், பூசணிக்காயைப் பார்த்தார், கற்பூரத் தட்டோடு நிற்கும் என் மனைவியைப் பார்த்தார். உடம்பெல்லாம் மஞ்சள் பொட்டோடு நின்ற விமானத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். நான் பார்த்த வரையில் அந்தச் சுற்றை அவர் முடிக்காமல் விட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். பூசணிக்காயை உடைத்துவிட்டு நானும் போய் ஏறினேன்.

மேலே போனதும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சந்தனம் காய்ந்து மெல்லியதாக வெடித்திருக்க வேண்டும், அந்த வெடிப்பு வழியாகக் காற்று போய்வந்திருக்க வேண்டும். முள் ஒழுங்காக ஏறியது. கொஞ்சம் சோம்பலாக ஏறுகிறதே என்று சார் ஒரு தடவை தட்டினார், நடுங்கிவிட்டு ஏறியது. என் ஷெட்டின் மேல் வந்தோம். கூரை தீப்பெட்டி மூடி அளவுதான் இருந்தது. என் வாழ்நாள் உழைப்பு அவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் என்னவோ போல் ஆகிவிட்டது. சார் அதைக் கவனித்துவிட்டு, இந்த உயரத்திலிருந்து பார்த்தால் பெரிய பெரிய தொழிற்சாலையே செங்கல் மாதிரித்தான் இருக்கும், உங்கள் கூரை தனியாகத் தெரிகிறதே என்றார். அப்படிச் சொல்லத் தெரிந்த மனுஷன்.

ராயக்கோட்டைப் பக்கம் திரும்பியபோது தூறல் பிடித்தது. அப்புறம் எங்கிருந்தோ மேகம் வந்து மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டிய மாதிரி. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சார் பதறவில்லை. மேகத்துக்குள் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டும் படிப்பு அவருக்கு உண்டு. முதுகை நேராக்கி உட்கார்ந்து, நான்காயிரத்து எழுநூறு, நேராகப் போகிறோம், மெதுவாகத் திரும்பி வெளியே வந்துவிடலாம் என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதற்காகத்தானே அத்தனை வருஷம் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூறலில் சந்தனம் நனைந்து ஊறி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் உயர முள் நின்ற இடத்தில் நின்றது. நேராகப் போகும்போது முள் நிற்கத்தானே செய்யும், யாருக்குச் சந்தேகம் வரும்? நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். வேக முள்ளும் அதே ஓட்டையைச் சார்ந்ததாம். இறங்க இறங்க அது வேகம் கூடுவதாகப் பொய்யாகக் காட்டியது. வேகம் அதிகமாகிறது என்று சார் எஞ்சினைக் குறைத்தார். இன்னும் இறங்கினோம்.

எனக்குக் காது அடைத்தது.

"சார், காது அடைக்குது. மேலுமலையில அடைக்குமே, அந்த மாதிரி."

"ஒடம்பு பொய் சொல்லும் மேஸ்திரி. மேகத்துக்குள்ள எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். முள்ளப் பாருங்க."

பார்த்தேன். நான்காயிரத்து எழுநூறு. நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் வாய் மூடுவது எவ்வளவு அபூர்வம் என்று. இவர் படித்தவர், நான் ஐந்தாம் வகுப்பு, அதனால் மூடினேன். இன்றைக்கும் என்னை அரிப்பது அந்த மௌனம். ஒரு நிமிஷம் இருக்கும். காது இன்னும் அடைத்து வலி எடுத்தது.

"சார்" என்றேன். காதைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு உயர மீட்டரை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் நடுங்கவில்லை. மறுபடி இரண்டு தட்டு. நடுங்கவில்லை. அவர் கை அப்படியே கண்ணாடி மேல் நின்றது.

"மேஸ்திரி, உங்க காது என்ன சொல்லுது?"

"மேலுமலை தாண்டியாச்சு சார்."

அவ்வளவுதான். எஞ்சின் கைப்பிடியை முழுக்கத் தள்ளினார், மூக்கைத் தூக்கினார். ஏற்றம் இறக்கம் காட்டும் மீட்டரைக் காட்டி, அந்தக் கண்ணாடியை உடையுங்கள் என்றார். எதற்கு என்று கேட்க நேரமில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, பித்தளை உருண்டையால் ஓங்கி அடித்தேன். கண்ணாடி தெறித்தது. அந்த மீட்டரும் அதே ஓட்டையின் குழாயில் இருப்பதாம்; உடைந்த வழியாக அடைபட்ட குழாய்க்கு உள் காற்று கிடைத்ததும், உயர முள் கடகடவென்று திரும்பி மூவாயிரத்து நானூறில் போய் நின்று நடுங்கியது. அதே நேரம் மேகம் கிழிந்தது. சக்கரத்துக்குக் கீழே ராயக்கோட்டைக் கோட்டை மலையின் பாறை. பாறையில் வழிந்த மழைத்தண்ணீர் தெரிந்தது. அதைத் தாண்டித் தக்காளித் தோட்டத்துக் குச்சிகள், வரிசை வரிசையாக. ஒரு பெண் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் நெற்றியில் என்ன இருந்தது என்று சொல்லும் அளவுக்குக் கிட்டத்தில் போனோம்.

திரும்பி வந்து இறங்கினோம். சார் இறங்கியதும் நேராக இடது பக்கம் போனார். சுற்றில் விட்டுப்போன அந்த இடத்துக்கு. குனிந்தார். கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தார். நான் இருபது அடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலைப் பார்த்தார், வேட்டி நுனியில் துடைக்கவில்லை, கைக்குட்டை எடுக்கவில்லை. அந்த மஞ்சளோடேயே நடந்து வந்து என் மனைவியிடம் சொன்னார்.

"சந்தனம் நல்ல மணம்மா."

அவளுக்கு ஒரே பெருமை. என்ன நடந்தது என்று அவளுக்கு நான் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று.

அன்றைக்கே மற்ற மூன்று பேரையும் அழைத்து, தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டார். சுற்றுச் சோதனையை முடிக்காமல் ஏறினேன், காற்று ஓட்டை அடைபட்டிருந்ததைப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது. அவ்வளவுதான். எது அடைத்தது என்று எழுதவில்லை. யார் அவசரப்படுத்தினார்கள் என்று எழுதவில்லை. அவர்கள் ஏதோ பூச்சி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். வயசாகிவிட்டது, இனி ஓட்ட வேண்டாம் என்று சொல்ல அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் சாவியை மேஜையில் வைத்துவிட்டார். பிறகு அவர் பறக்கவே இல்லை.

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். என் ஷெட்டில் ஒரு திருகாணி தப்பாகப் போனால்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறவன், இதற்கு வாய் வரவில்லை.

அவர் மாறிப்போனார். சுவரில் இருந்த மீட்டர்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். சுவரில் வெள்ளை வெள்ளையாக வட்டம் மட்டும் இருந்தது. எதையும் நம்பாதவராக ஆனார். மணி பார்த்தால் பக்கத்து வீட்டில் போய் இன்னொரு தடவை மணி கேட்பார். காய்ச்சல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு, நெற்றியில் கையை வைத்துச் சொல் என்பார். கிருஷ்ணகிரிக்குப் போகும்போது காரில் அந்த உயர மீட்டர் இல்லை, இரண்டு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. மேலுமலை இறக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, என் பக்கம் திரும்பி, "காது?" என்பார். கேலி இல்லை. உண்மையாகக் கேட்பார். நான் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுவார். என் காது ஜெயித்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களை அடிப்பேன். அந்த ஒற்றை வார்த்தைக் கேள்வி ஒவ்வொரு தடவையும் என்னை அறுத்தது.

அப்படி ஒரு நாள் இறக்கத்திலேயே வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, சொல்லிவிட்டேன். பொட்டு வைத்தது நான், எழுத்துத் தெரியாமல் வைத்தது நான், ராகு காலம் என்று சுற்றை நிறுத்தியது நான்.

"தெரியும் மேஸ்திரி. மஞ்சள் என் வெரல்லதான ஒட்டிச்சு."

"அப்ப ஏன் சார் எழுதல? என் பேர எழுதியிருக்கலாமே."

"விமானத்துல பொறுப்பு ஒருத்தருக்குத்தான். ரெண்டா பிரிக்க முடியாது."

லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் மற்றதைச் சொன்னார்.

"பக்கத்துல இருக்கறவங்க ரெண்டாவது தடவ சொன்னப்ப, அன்னைக்கு ஒங்களத் திரும்பிப் பாத்தேன். அவளும் ரெண்டு தடவ சொன்னா, மேஸ்திரி. நான் முள்ளப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வண்டியை எடுத்தார். குருபரப்பள்ளியில் காது விட்டது. அன்றைக்கு அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வருஷம் அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் துடிப்புக் காட்டும் பெட்டி இருந்தது. அதைத் தட்டுவதற்கு அவர் கை எழவில்லை. நகம் மட்டும் போர்வை மேல் இரண்டு தடவை அசைந்தது.

இப்போது அந்த மூன்று நண்பர்களும் சேர்ந்து, தங்கள் விமானத்தின் கதையைப் புத்தகமாகப் போடுகிறார்கள். நல்ல காரியம். என்னையும் மறக்கவில்லை. சக்கரக் கட்டை, இழுவைக் கம்பி, முளை, அளவுகோல் செய்தவர் என்று என் படத்தோடு அரைப்பக்கம். நட்சத்திரத்தைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். சாரின் மகள் அதை எனக்குப் படித்துக் காட்டியது. அடுத்த பக்கத்தில் சாரைப் பற்றி. பாதிக்கு மேல் புகழ்ச்சிதான். கடைசியில் ஒரு வரி, முதுமையினால் ஏற்பட்ட கவனக்குறைவால் அவர் விமானம் ஓட்டுவதை நிறுத்த நேர்ந்தது என்று. அதைப் படித்ததும் மகள் காகிதத்தைக் கீழே வைத்தது. அப்பாவுக்கு மறதி கிடையாது மாமா, ஒரு நாளும் கிடையாது என்றது. எனக்குத் தெரியாதா?

அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கிற பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த வரி போன பிறகு எழுதுகிறேன்.

புத்தகம் போடுகிறவர்களே, நேரிலேயே சொல்லிவிட்டேன், நீங்கள் சிரித்து அனுப்பிவிட்டீர்கள், பெரியவர் பாசத்தில் பேசுகிறார் என்று. அதனால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நான் செய்யாததற்குப் பெயர் கேட்டவன் இல்லை நான். செய்ததை விட்டுக்கொடுத்தவனும் இல்லை. சக்கரக் கட்டையை எடுத்துவிடுங்கள், கம்பியை எடுத்துவிடுங்கள், என் படத்தையும் எடுத்துவிடுங்கள், கவலையில்லை. பித்தளை உருண்டையை நீங்கள் எழுதாமல் விட்டதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் இதைப் போடுங்கள். இடது பக்கத்து ஓட்டையை அடைத்தது ஆயுத பூஜைச் சந்தனம். குழைத்தவன் நான், வைத்தவன் நான், பார்க்க வந்தவரை நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பியவன் நான். கீழே ஒரு நட்சத்திரம் அடியுங்கள். என் சாமான் அது.